ஒன்பது மோகன்கள் எழுதிய கடிதம்

‘ரிவேர்ட்’ என்ற ஒரு சொல்லால் போன கிழமை எனக்கு நிம்மதி இல்லாமல் போயிற்று. கண்டி இங்கிலிஷ் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், ஓய்வு பெற்ற பிறகும் என்னை வைத்திருக்கிறார்கள். ‘பதில் எழுதுங்கள்’ என்ற பொருளில் ஒரு பிள்ளை ‘ரிவேர்ட்’ என்று எழுதினால் புள்ளி கொடுக்கலாமா என்று ஓர் இளம் ஆசிரியை கேட்டுவிட்டார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்கள். ஒருவர் பழைய அகராதியைப் படம் பிடித்துப் போட்டு, முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதற்கு மட்டும்தான் அந்தச் சொல் என்றார். இன்னொருவர் புதிய அகராதியைப் போட்டு, இரண்டும் சரி என்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர், இது நம்முடைய நாட்டு இங்கிலிஷ், இதற்கெல்லாம் வெள்ளைக்காரனிடம் அனுமதி கேட்பதா என்று சண்டைக்கு வந்தார். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். “சேர், நீங்க பத்தொன்பது வருசம் பேப்பர் திருத்துன ஆள். நீங்களே சொல்லுங்க.”

“கொடுத்துத் தொலையுங்கள்” என்று எழுதினேன்.

ஒருவருக்கும் பிடிக்கவில்லை. சேருக்கு வயதாகிவிட்டது என்றார்கள். வயதாகிவிட்டதுதான். முழங்கால் வலிக்கிறது, மருந்துக்கு வரிசையில் நிற்பதே பாதி வாழ்க்கையாகிவிட்டது. ஆனால் நான் அப்படி எழுதியதற்குக் காரணம் வயது இல்லை. அந்தக் காரணத்தை இதுவரை நான் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டதால் இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். நடு டிவிசன், தொழிலாளர் லயத்தில் ஒன்பதாம் நம்பர் காமரா, அந்த ஒற்றை அறைதான் வீடு. அப்பா தோட்டத்து ஆபீசில் தபால் பை சுமந்தவர். பெரிய கிளாக்கர் வீசிய கார்பன் நகல்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதுதான் எனக்கு வாசிப்புப் புத்தகம். ‘ஐ பெக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டிஸ்’ என்று தொடங்கி, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று கேட்டு, ‘யுவர் ஒபீடியண்ட் சேர்வண்ட்’ என்று முடியும் கடிதங்கள். பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன், ஆவன செய்யவும், தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன். இப்படி எழுதத் தெரிந்தவனுக்கு அந்தக் காலத்தில் துரையின் மேசைக்கு முன்னால் உட்காரக் கதிரை கிடைத்தது. தெரியாதவன் கதவுக்கு வெளியே நின்றான்.

பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருடம் இருந்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நியமனம் புசல்லாவையிலேயே கிடைத்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு இங்கிலிஷ் எழுதும் பிள்ளைகளுக்குக் கையில் ஒன்றும் இல்லையே என்று, நானே பத்து மாதிரிக் கடிதங்கள் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, ரோனியோ நகல் மெசினில் அடித்துக் கொடுத்தேன். கார்பன் நகலில் படித்த இங்கிலிஷ்தான் அதில் அப்படியே இருந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், பாஸும் ஆனார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பிறகு கண்டிக்கு மாற்றம் வந்தது. அங்கே போனால், நான் எழுதுவது தாத்தா காலத்து இங்கிலிஷாம். ஒரு பயிற்சி வகுப்பில் என் கடிதத்தை உரக்க வாசித்துச் சிரித்தார்கள். படித்தவன் என்று காட்டிய அதே வரி இப்போது பட்டிக்காட்டான் என்று காட்டியது. அந்த வெட்கத்தில் நான் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன். மாற்றியவனுக்கு வரும் திமிரும் கூடவே வந்தது. பிள்ளை ஒன்று ‘நீட்ஃபுல்’ என்று எழுதிவிட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

விடைத்தாள் திருத்தும் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். விடுமுறையில் நகரத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் இருக்கும் வேலை அது. காலையில் கையெழுத்து வைத்து, பையையும் தொலைபேசியையும் முன் அறையில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். விடைத்தாள் கட்டின் முத்திரையைத் தலைமைப் பரீட்சகர் எங்கள் கண் முன்னால் வெட்டுவார். தாள்களை ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் திரும்ப எண்ணுவார். தாளில் பெயரும் இராது, ஊரும் இராது, சுட்டெண் மட்டும்தான். நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம். அவர் கட்டுக்குச் சில தாள்களை உருவி எடுத்துப் பச்சை மையில் திருத்திப் பார்ப்பார். எங்கள் புள்ளிக்கும் அவர் புள்ளிக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கட்டு முழுவதும் மறுபடியும் எங்கள் மேசைக்கே வரும்.

எங்கள் தலைமைப் பரீட்சகர் ஞானசேகரம். வடக்கிலிருந்து வந்து பேராதனையில் வீடு கட்டிக்கொண்டவர். வெள்ளை முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார். தாள்களை எண்ணி முடிக்கும் வரை தேநீரைத் தொடமாட்டார். யாரிடமும் அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வாக்கியம் சரியா பிழையா என்று நாங்கள் அடித்துக்கொள்ளும்போது, அதை மூன்று தடவை மெல்ல வாசிப்பார். பிறகு அகராதியை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“பிள்ளை சொல்ல வந்ததை விளங்கப்படுத்திப் போட்டுதோ, இல்லையோ?”

விளங்குகிறது என்றால் புள்ளி. நான் சொல்லப்போகும் வருடத்தில், அந்தக் கேள்வியை நான் தோற்கடித்தேன்.

திருத்தத் தொடங்குவதற்கு முந்திய இரண்டு நாளும் நாங்கள் கூடி, எந்த விடைக்கு என்ன புள்ளி என்று முடிவு செய்வோம். அந்த வருடம் கடிதக் கேள்வி, தெருவோரக் குப்பை பற்றி உள்ளூர்ச் சபைத் தலைவருக்கு எழுதுவது. பழைய ஆபீஸ் வரிகளுக்கு நடைப் புள்ளி கொடுக்கக் கூடாது என்று எழுந்து நின்றேன். ‘நீட்ஃபுல்’ என்றால் உலகமே சிரிக்கிறது, நாமும் அதை வளர்ப்பதா என்று ஒரு சொற்பொழிவே செய்தேன்.

அக்குறணையிலிருந்து வரும் ரிஸ்வானா டீச்சர் விடவில்லை. “என்ன சேர் நீங்க? தமிழ்ல ‘ஆவன செய்யவும்’னு இன்னும் எழுதுறோம்தானே? அதுக்கு யாரும் சிரிக்கிறல்லயே. எங்கட வாப்பாட கடைக்கு பேங்கில இருந்து வார லெட்டர்லயும் இதேதான் ஈக்கி. பெரியவங்க எழுதினா சரி, புள்ள எழுதினா பிழையா?”

“பெரியவங்க திருந்த மாட்டாங்க டீச்சர். புள்ளைங்களாவது திருந்தட்டும்” என்றேன். நாலைந்து பேர் மேசையைத் தட்டினார்கள். ஞானசேகரம் தன் கேள்வியைக் கேட்டார். விளங்கினால் மட்டும் போதாது, தரம் வேண்டும் என்றேன். வாக்கெடுப்பில் நான் வென்றேன். அவர் பச்சைப் பேனையால் விதியை எழுதிக்கொண்டார். அடுத்த வருடம் மேலதிகத் தலைமைப் பரீட்சகர் பதவி எனக்குத்தான் என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். பூரித்துப்போனேன்.

திருத்தத் தொடங்கிய மூன்றாம் நாள், பகல் சாப்பாட்டுக்கு முன்னால், ரிஸ்வானா டீச்சர் திடீரென்று சிரித்தார்.

“அல்லாவே, இந்த மோகனப் பாருங்களே! அஞ்சாவது தடவ வந்துட்டாரு.”

ஐந்து விடைத்தாள், ஐந்து கையெழுத்து. சிலது ஆண் பிள்ளையின் கிறுக்கல், சிலது பெண் பிள்ளையின் வட்ட எழுத்து. ஆனால் கடிதம் ஒரே கடிதம். கடைசியில் கையொப்பம் எல்லாவற்றிலும் எஸ். மோகன். கட்டை முழுதாகப் புரட்டிப் பார்த்தால் ஒன்பது மோகன்கள். மண்டபமே சிரித்தது. அவர் ஒன்றை உரக்க வாசித்தார்: ஐ பெக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டிஸ்... முடிவில் விலாசம்: நம்பர் ஒன்பது, நடு டிவிசன், புசல்லாவை.

அது என் வீடு. மாதிரிக் கடிதம் எழுதியபோது விலாசத்துக்கு எங்கே போவது என்று நான் பிறந்த காமராவையே போட்டிருந்தேன். மோகன் என்று ஒருவனும் கிடையாது, சும்மா வைத்த பெயர். என் ரோனியோத் தாள் இருபது வருடத்துக்கு மேல் நகலுக்கு நகலாக எங்கெங்கோ அலைந்து, இந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் பஸ் நிற்காமல் போவதைப் பற்றி எழுதியிருந்தேன். அவர்கள் பஸ் இருந்த இடத்தில் குப்பையை வைத்திருந்தார்கள். மற்றதெல்லாம், பெயர் உட்பட, அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தது.

“உங்கட ஊராக்கள் போல ஈக்கி சேர்” என்றார் ரிஸ்வானா டீச்சர்.

“பெரிய தோட்டம் டீச்சர். எத்தனை மோகன் இருக்கானோ” என்று சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான பொய் அதுதான்.

ஞானசேகரம் சிரிக்கவில்லை. ஒன்பது தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, விரலால் வரி வரியாகப் பார்த்தார். “இந்தக் காலத்துப் பிள்ளையின்ர இங்கிலிஷ் இல்லை இது. ஆரோ வயது போன ஆள் மண்டபத்துக்குள்ள நிண்டு சொல்லிக் குடுத்திருக்கிறார்” என்றார். பரீட்சை மண்டபத்தில் விடை சொல்லிக் கொடுப்பது பெரிய குற்றம். சந்தேகம் வந்தால் தாள்களைத் தனி உறையில் போட்டு, அறிக்கை எழுதி, கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. விசாரணை முடியும் வரை அந்தப் பிள்ளைகளின் எல்லாப் பாடப் பெறுபேறும் நிறுத்தப்படும். பெறுபேறு இல்லாமல் உயர்தர வகுப்பில் சேர முடியாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது என் கடிதம், பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள், யாரும் களவு செய்யவில்லை. வாயைத் திறக்கவில்லை. மாதிரி விடைகள் எழுதி வெளியிடவில்லை என்று வருடா வருடம் கையெழுத்து வைத்துத்தான் குழுவுக்குள் வருவோம். என் தாள் குழுவில் சேர்வதற்கு முந்தியது, அந்த உறுதிமொழியில் அடங்காது. ஆனாலும் கேள்வி வரும், வரவிருந்த பதவி போய்விடும் என்று பயந்தேன். பயம் பாதிதான். மீதி வெட்கம். மூன்று நாளைக்கு முன்னால் நின்று கிழித்தெறிந்த அந்த இங்கிலிஷ் என்னுடையதுதான் என்று ரிஸ்வானா டீச்சர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்வோம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பகல் சோற்றையும் சாப்பிட்டேன், வெட்கங்கெட்டவன். நாலு மணிக்கு உறையை ஒட்டி முத்திரை வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போய், ஞானசேகரம் மணிக்கட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே வரும்போதே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“உறை நேற்றுப் பின்னேரமே கொழும்பு வாகனத்தில போயிட்டுது, காணும்.”

“தொலைபேசியில் சொல்ல முடியாதா சேர்?”

“சொல்லலாம். பதிவில ஏறின பிறகு ஆரும் சொல்லுக் கேக்க மாட்டினம். விசாரணை நடந்துதான் தீரும்.” என் பக்கம் திரும்பினார். “நேற்று நாலு மணிக்கு முதல் சொல்லியிருந்தீர் எண்டா, அந்த உறையை நானே கிழிச்சிருப்பன்.”

அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. என் வாக்குமூலத்தை எழுதி வாங்கி, தானும் ஒரு கடிதம் வைத்து அன்றே அனுப்பினார். யாரும் கேட்காமலே நான் மற்றவர்களுக்கும் சொன்னேன். ரிஸ்வானா டீச்சர் தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றி வைத்தார்.

விசாரணை இழுத்தது. பெறுபேறுகள் வந்தன, அந்த ஒன்பது பேருக்கும் வரவில்லை. அதற்கும் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அலுமாரியின் அடியில் கிடந்த என் பழைய ரோனியோத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓர் அதிகாரி அதையும் விடைத்தாள்களையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். அப்போது அதுதான் சரி என்றேன். அவர் சிரித்தார். பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். பெறுபேறு வந்தபோது உயர்தர வகுப்புகள் தொடங்கி மூன்று மாதத் தவணை ஒன்று முடிந்திருந்தது. அந்தப் பிள்ளைகளின் பாடசாலை பன்வில பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது என்பதும் அந்த விசாரணையில்தான் எனக்குத் தெரிந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை. ஒரு புதன்கிழமை பன்வில பஸ் ஏறி, இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறிப் போனேன். தனலெட்சுமி டீச்சர் என்று ஒருவர்தான் அங்கே இங்கிலிஷ் படிப்பிக்கிறார். அவர் சமையலும் தையலும் படிப்பிக்கும் மனைப்பொருளியலுக்கு நியமனம் பெற்றவர். இங்கிலிஷுக்கு ஆளே வராததால் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். இன்னார் என்று சொல்லாமல், விசாரணையில் சம்பந்தப்பட்ட ஆள் என்று மட்டும் சொன்னேன்.

“அந்த நோட்ஸ் எனக்கு முன்னாடி இருந்த சேர் விட்டுட்டுப் போனது” என்றார். “எனக்கே இங்கிலீஸ் அரகொறதான். தினம் காலையில அந்தக் கடிதத்த எழுத வச்சேன். பேர மாத்தி எழுதுங்கன்னு சொன்னா, அந்த எடத்துலயே கொழம்பிப் போயி மத்ததும் மறந்துரும். அதான் அந்த மோகன் பேரையே விட்டுட்டேன். அத எழுதுனவரு யாருன்னு தெரியாது. யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும். எங்க புள்ளைங்க இங்கிலீசுல பாஸ் பண்ணதே அவராலதான்.”

“நான்தான் எழுதினேன் டீச்சர்.”

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “ஐயோ, நீங்களா! நீங்க சொல்லித்தானே ரிசல்ட்டு வந்துச்சு, சேர்? ஒக்காருங்க, ஒக்காருங்க” என்று கதிரையை முந்தானையால் துடைத்தார். அதோடு விட்டிருந்தால் கும்பிடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். முடியவில்லை. தாள் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும், மறுநாள்தான் சொன்னேன் என்றேன்.

அவர் உட்கார்ந்தார்.

“எத்தன மணிக்குத் தெரிஞ்சிச்சு சேர்?”

“பகல் பதினொன்றரைக்கு.”

“அனுப்புனது?”

“நாலு மணிக்கு.”

அவர் என்னை ஏசவில்லை. மேசையிலிருந்த, பிள்ளைகளின் வரவைக் குறிக்கும் இடாப்பைத் திறந்தார். “நாலு பேரு திரும்பி வந்துட்டாங்க. இப்ப படிக்கிறாங்க. வராத அஞ்சு பேரச் சொல்றேன், கேட்டுக்கங்க” என்று விரல் வைத்து வாசித்தார். சிவகாமி, கொழும்பில் வீட்டு வேலை. பிரதாப், கண்டியில் புடவைக் கடை. யோகேஸ்வரி, தோட்டத்திலேயே கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்தாகிவிட்டது. நிரோஷன், எங்கே போனான் என்று வீட்டுக்கே தெரியாது. ஐந்தாவது விஜயலட்சுமி. “இந்தப் புள்ளைக்குத்தான் எல்லாத்துலயும் நல்ல ரிசல்ட்டு. ரிசல்ட்டு நிப்பாட்டிட்டாங்கன்னா களவெடுத்துட்டான்னுதானே அர்த்தம்னு அப்பா கல்யாணம் கட்டி வச்சுட்டாரு.”

எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவன் ஓர் அந்நியப் பெண் முன்னால் அழுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மன்னிப்பதாக அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

இடாப்பை மூடிவிட்டு, அலுமாரியிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள் எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இந்த வருசம் பதினோரு புள்ளைங்க எழுதுது சேர். அந்தக் கடிதத்த நான் இனிப் படிப்பிக்க முடியாது, புதுசா எழுத எனக்குத் தெரியாது. இப்ப எது சரின்னு சொல்றாங்களோ, அதுல ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

இதுவும் இருபது வருடத்தில் பிழையாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அது என் கவலை, அவருடைய கவலை இல்லை என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளின் சின்ன மேசையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுதினேன். பணிவும் இல்லை, கீழ்ப்படிதலும் இல்லை. எங்கள் தெருவில் இன்ன குறை இருக்கிறது, தயவுசெய்து சரிசெய்யுங்கள், அவ்வளவுதான். எட்டு வரி வந்தது. எழுதிக்கொண்டிருந்தபோது அவர் வகுப்புக்குப் போய்விட்டு வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

“விளங்குது சேர்” என்றார்.

கடைசி வரியின் கீழே பேனையை வைத்தேன். உங்கள் உண்மையுள்ள என்று எழுதி, அதன் கீழே பழக்கத்தில் ‘எஸ். மோ’ என்று எழுதத் தொடங்கினேன். தனலெட்சுமி டீச்சர் குனிந்து என் கையின் மேல் கையை வைத்தார்.

“அந்த எடத்த மட்டும் சும்மா விட்டுருங்க, சேர்.”